செங்கோட்டை வீட்டில் அப்சாம்ப்ளிங் கணினி: டிஎஸ்டி512 திணறியதும் டிஎஸ்டி256 நிலைத்ததும்

பின்னணி

செங்கோட்டையில், ஆரியங்காவு கணவாய்க் காற்று தடையில்லாமல் வந்து விழும் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். வீட்டில் அறுநூறுக்கு மேல் கர்நாடக இசை சிடிக்கள் உண்டு. அவை எல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக எடுத்து வைக்கப்பட்டவை. அதற்கு முந்தைய காலத்துச் சேமிப்பு கேசட்டுகள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. இவர்களுக்குச் சொந்தபந்தம் பாதி மலைக்கு அந்தப் பக்கம். ஆகவே திருவனந்தபுரம் வானொலியிலிருந்து பதிவு செய்த கச்சேரிகளும், இரு பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பதிந்த நாதஸ்வரமும் கேசட்டில் நிறைய இருந்தன. அவை 48 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு ஏற்றப்பட்டிருந்தன.

இவற்றை நல்ல டேக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) வழியாக, டிஎஸ்டிக்கு (ஒலியை மிக வேகமான ஒரு பிட் ஓட்டமாக எழுதும் வடிவம்; பக்கத்தில் வரும் எண் சிடி வீதத்தின் எத்தனை மடங்கு என்பது) அப்சாம்ப்ளிங், அதாவது சாம்பிள் வீதத்தை உயர்த்துதல், செய்து கேட்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். புனலூரில் கணினி வேலை பார்க்கும் தங்கை மகன் கணினியைச் சேர்த்துக் கொடுத்தார். இன்டெல் ஐ7-12700கே, 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10, அப்சாம்ப்ளிங் செய்து பாட்டை ஓடவிடும் ஹெச்க்யூபிளேயர் மென்பொருள். ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்கு அருகே தேக்கு அலமாரிக்குள் கணினி. அதிலிருந்து யூஎஸ்பி கேபிள் நேராக டேக்குக்கு. எந்த அளவுக்கு உயர்த்துவது என்ற கேள்விக்கு மருமகன் சொன்ன பதில்: "மாமா, டேக் பெட்டிலயே 512னு போட்டிருக்கு. அதுக்குக் கம்மியா எதுக்கு?"

எதற்காக அப்சாம்ப்ளிங்

அப்சாம்ப்ளிங் பதிவில் இல்லாத எதையும் உண்டாக்காது. சிடியில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமில்லை, உயர்த்திய பிறகும் இருக்காது. பெரும்பாலான டேக்குகள் தமக்குள்ளேயே சாம்பிள் வீதத்தை உயர்த்தித்தான் அனலாக்காக மாற்றுகின்றன. ஆனால் சிப்புக்குள் கணக்குப் போடும் திறன் குறைவு என்பதால் இடைப்பட்ட சாம்பிள்களைக் கணக்கிடும் ஃபில்டர் அதில் சுருக்கமாக இருக்கும். அந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டால் பல மடங்கு நீளமான ஃபில்டரையும், டிஎஸ்டிக்கு மாற்றும் மாடுலேட்டரையும் நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். டிஎஸ்டியை அப்படியே ஏற்று, உள்ளே மறுபடி மாற்றாமல் அனலாக் ஆக்கும் டேக்குகளில்தான் இதன் பலன் அதிகம். ஆசிரியர் வாங்கியிருந்தது அந்த வகை.

கவனித்தவை

புகார்கள் நான்கு, எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. முதலாவது, பாட்டு நடுவே அரை நொடி அறுபடுவது. இரண்டாவது, பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கரில் தாழ்ந்த உறுமல். மூன்றாவது, சில புதிய சிடிக்களில் மட்டும் உச்சஸ்தாயியில் ஒரு கரகரப்பு. நான்காவது, மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் நொடியில் கணினி அணைந்துபோவது. சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்றில் கிளை விழுந்து லைன் விட்டுவிட்டு வரும் ஊர் என்பதால் நான்காவதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் டேக்கையே மாற்றலாமா என்ற யோசனை வீட்டில் இருந்தது. அதை நிறுத்திவைத்து, ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் சோதிப்பது என்று முடிவானது. நான்கு குறைகளுக்கும் ஒரே காரணம் இருக்க வழியில்லை. ஒரே நாளில் மூன்று பொருளை மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாமல் போகும்.

அறுபடுவதன் காரணம்

டாஸ்க் மேனேஜரில் மொத்த சிபியு உபயோகம் 20 சதவீதத்தைச் சுற்றியே காட்டியது. அதைப் பார்த்துத்தான் மருமகன், கணினிக்கு இன்னும் நிறைய மூச்சு இருக்கிறது என்று நம்பியிருந்தார். அப்சாம்ப்ளிங்குக்கு மொத்த சதவீதம் பயன்படாத எண். டிஎஸ்டி மாடுலேட்டரில் ஒவ்வொரு பிட்டும் அதற்கு முந்தைய பிட்டின் பிழையைப் பொறுத்தே தீர்மானமாகிறது. வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போட முடியாது. இடது சேனலுக்கு ஒரு கோர், வலது சேனலுக்கு ஒரு கோர், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு ஃபில்டர் கணக்கை ஏற்கும், மாடுலேட்டரை ஏற்காது.

டிஎஸ்டி512 என்றால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 2,25,79,200 பிட். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு ஒரு பிட்டைத் தீர்மானிக்கக் கிடைப்பது சுமார் 221 கிளாக் சுற்று. கோர் 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அது 159 ஆகிவிடும். டிஎஸ்டி256இல் இதே கணக்கு 443, 319. தேர்ந்தெடுத்திருந்த மாடுலேட்டர் ஏஎஸ்டிஎம்7இசி. கணக்கு மிக அதிகம் கேட்கும் வகை. வேகம் சற்றுத் தளர்ந்தாலும் அறுபடும் விளிம்பில்தான் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

வேகம் தளர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வெப்பம். அலமாரிக் கதவை மூடிவைத்துப் பாட்டு ஓடவிட்டால் முக்கால் மணி நேரத்தில் சிபியு அதன் வரம்பான 100 டிகிரியைத் தொட்டது. உடனே கிளாக் இறங்கி அறுபடல் தொடங்கியது. கதவைத் திறந்தால் நேரம் தள்ளிப்போனது, நிற்கவில்லை.

இரண்டாவது கண்ணில் படாதது. ஹெச்க்யூபிளேயர் சாளரத்தைச் சிறிதாக்கி டாஸ்க்பாரில் வைத்த மறுகணமே பாட்டு திணறியது. மறுபடி பெரிதாக்கினால் சரியானது. 12700கே சிபியுவில் வேகமான கோர்கள் 8, மின்சாரம் சிக்கனமான மெதுவான கோர்கள் 4. பின்னணிக்குப் போன மென்பொருளை விண்டோஸ் மெதுவான கோர்களுக்குத் தள்ளிவிடுகிறது. இந்தக் குறையை மென்பொருள் பிழை என்றோ கேபிள் பிழை என்றோ எண்ணி மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. சாளரத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. திணறல் என்றதும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மெதுவான கோர்கள் நான்கையும் அணைத்து, விண்டோஸ் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்கியதும் சாளரம் சிறிதாகும்போது வந்த திணறல் முழுவதும் நின்றது. வெப்பத்தால் வந்த அறுபடல் மட்டும் டிஎஸ்டி512இல் மிச்சமிருந்தது.

உறுமலும் எர்த் குழியும்

யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால் உறுமல் போனது. கணினிப் பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூவைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று மெல்லிய அதிர்வு இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் பெட்டி மின்னழுத்தத்தின் பாதியளவில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, இந்தக் கசிவால் மட்டும் ஆளுக்கு ஆபத்து வராது. ஆனால் அந்தக் கசிவு யூஎஸ்பி கிரவுண்ட் வழியாக டேக்குக்குப் போய், அங்கிருந்து ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்ப்ளிஃபயரை அடைகிறது. போகும் வழியில்தான் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உண்டாகிறது.

மல்டிமீட்டரில் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே 96 வோல்ட் ஏசி. எலக்ட்ரீஷியன் வந்து ஹால் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைக் கொடுத்தார். செங்கல் நிறத்தில் மங்கி எரிந்தது. ஃபேஸ்–நியூட்ரலில் கொடுத்தபோது முழுப் பிரகாசம். எர்த் பலவீனம் என்பதற்கு இது போதும். இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியன் மட்டுமே செய்ய வேண்டும். ஆர்சிசிபி (மின்கசிவு பிரேக்கர்) உள்ள வீட்டில் பல்பு எரியாது, பிரேக்கர் விழும்.

கொல்லையில் குழியைத் திறந்து பார்த்தவர் கேட்டார்: "அண்ணாச்சி, இதுல தண்ணி ஊத்தி எவ்வளவு நாளாச்சு?"

"வீடு கட்டும்போது வச்சது தம்பி. அப்புறம் யாரு பார்த்தா!"

மண் கெட்டித்துக் கிடந்தது. குழாயையும் எர்த் கம்பியையும் பிடித்திருந்த போல்ட் கையால் தொட்டதும் துருவாக உதிர்ந்தது. இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய் புதிதாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, துத்தநாகப் பூச்சுள்ள புதிய கிளாம்ப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் விடப்பட்டது. அதன்பின் பெட்டியில் 1 வோல்ட்டுக்கும் கீழே. உறுமல் பெரும்பகுதி குறைந்தது. காதை ஸ்பீக்கர் அருகே வைத்தால் மட்டும் கொஞ்சம் கேட்டது. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகி, யூஎஸ்பி வழியாக ஒரு வளையம் மூடுவதால் வந்த மிச்சம் அது.

சில இடங்களில் உறுமலைத் தீர்க்கக் கணினி பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. இங்கே அந்த யோசனைக்கே இடம் கொடுக்கப்படவில்லை.

இரண்டு பெட்டியாகப் பிரித்த முடிவு

மிச்ச உறுமல், வெப்பம், விசிறிச் சத்தம் மூன்றுக்கும் ஒரே பதிலாகக் கணினியை ஹாலை விட்டு வெளியேற்றுவது என்று தீர்மானமானது. கணக்குப் போடும் கணினி சமையலறைக்கு அடுத்த ஸ்டோர் ரூமுக்குப் போனது. டேக்கின் அருகே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி. அதில் ஹெச்க்யூபிளேயரின் என்ஏஏ மென்பொருள் மட்டும் ஓடுகிறது. கணினி உயர்த்தி முடித்த ஒலியை நெட்வொர்க் வழியாக வாங்கி யூஎஸ்பியில் டேக்குக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. பை 3 வீட்டில் ஏற்கெனவே இருந்தும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் நெட்வொர்க்கும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பை 4இல் இரண்டுக்கும் தனிப் பாதை.

நெட்வொர்க் கேபிள் கேட்6, ஷீல்டு இல்லாத யூடிபி. ஈதர்நெட் போர்ட்டின் இரு முனையிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கிரவுண்ட் தொடர்பு அங்கே அறுந்துவிடும். உலோக ஷீல்டு உள்ள கேபிளைப் போட்டால் ஷீல்டு வழியாக அதே வளையம் மீண்டும் மூடிக்கொள்ளும். விலை கூடின கேபிள் இங்கே கெடுதல் செய்யும். வெளிச்சுவரை ஒட்டி இழுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் ஐப்பசி இடியை நினைத்து, கேபிள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே பிவிசி கேசிங்கில் கொண்டுபோகப்பட்டது. டிஎஸ்டி256 இரு சேனலுக்கு நொடிக்கு சுமார் 22.6 மெகாபிட், பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சே தாராளம். வைஃபையும் சராசரியில் இதைத் தாங்கும். ஆனால் ஒரு நொடி தடுமாறினாலும் பாட்டு அறும் என்பதால் கேபிளே போடப்பட்டது.

டிஎஸ்டி512 கேள்விக்கு முடிவு கட்டியது இந்த பைதான். விண்டோஸில் டேக் நிறுவனத்தின் டிரைவர் மூலம் டிஎஸ்டி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையில் ஓடும் லினக்ஸில் அப்படிப் போக, அந்த டேக்கின் அடையாளம் அதன் மையப் பகுதியான கெர்னலில் பதிவாகியிருக்க வேண்டும். பையில் டேக்கைச் செருகி, ப்ராக் கோப்புறைக்குள் அசவுண்ட் பகுதியில் அந்த கார்டின் ஸ்ட்ரீம் கோப்பைத் திறந்தால், டேக் எந்தெந்த வடிவத்தை எந்த வீதத்தில் ஏற்கும் என்ற பட்டியல் வரும். அதில் பிசிஎம் (சிடியில் உள்ள வழக்கமான டிஜிட்டல் வடிவம்) 768 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தது. டிஎஸ்டி வடிவம் இல்லை. அப்படியானால் பிசிஎம் உறைக்குள் டிஎஸ்டியைப் பொதிந்து அனுப்பும் டிஓபி ஒன்றே வழி. டிஎஸ்டி256க்கு டிஓபியில் 705.6 கிலோஹெர்ட்ஸ் தேவை, அது 768க்குள் அடங்குகிறது. டிஎஸ்டி512க்கு 1411.2 வேண்டும்; அடங்காது.

கெர்னலை நாமே திருத்திக் கட்டலாம். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதைத் திரும்பச் செய்ய அந்த வீட்டில் ஆளில்லை. சிபியுவும் 512இல் வெப்பத்துக்குத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆகவே டிஎஸ்டி256, ஏஎஸ்டிஎம்7இசி மாடுலேட்டர், பாலி-சிங்க்-காஸ்-லாங் ஃபில்டர் என்று நிலைநிறுத்தப்பட்டது. பத்து லட்சம் டேப் (ஃபில்டர் நீளத்தின் அலகு) கொண்ட சிங்க்-எம் ஃபில்டரும் ஓடியது; பாட்டைத் தொடும்போது வரும் தாமதம் ஆசிரியரின் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவரும் தினமும் கேட்பவர், அதனால் அது விடப்பட்டது.

கரகரப்பு, இன்வெர்ட்டர், கேசட்

கரகரப்பு வந்த சிடிக்கள் எல்லாம் உச்ச அளவை ஒட்டி மாஸ்டர் செய்யப்பட்டவை. சாம்பிள் புள்ளிகள் வரம்புக்குள் இருந்தாலும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை வரம்பைத் தாண்டி எழும். அப்சாம்ப்ளிங் அந்த நடுப்புள்ளிகளைக் கணக்கிடும்போது தலை வெட்டுப்படுகிறது. ஹெச்க்யூபிளேயர் வால்யூமின் உச்சத்தை மைனஸ் 3 டெசிபலில் நிறுத்தியதும் கரகரப்பு போனது. டிஓபி செல்லும் வழியில் வேறு எங்கும் வால்யூமைத் தொடக்கூடாது. தொட்டால் பிட்டுகள் மாறி, டேக் அதை டிஎஸ்டி என்று அடையாளம் காணாமல் இரைச்சலாக ஒலிக்கும்.

இன்வெர்ட்டர் பின்பக்க ஸ்விட்ச் நார்மல் மோடில் இருந்தது. அந்த மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரத்தை விட அதிகம். யூபிஎஸ் மோடுக்கு மாற்றியதும் அணைவது நின்றது. ஆனால் அது சதுர அலை இன்வெர்ட்டர். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் அதில் ஓடும்போது சத்தமிட்டது. கணினிக்கு மட்டும் தனியாகச் சுத்த சைன் அலை யூபிஎஸ் ஒன்று வாங்கப்பட்டது. மின்சாரம் போனால் பாட்டை நிறுத்திக் கணினியை ஒழுங்காக அணைக்கும் அளவுக்கு அதன் பேட்டரி போதும்.

கேசட்டுகள் தனிக் கதை. ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) பார்த்தபோது பலவற்றில் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. யாரோ முதலில் எம்பி3 ஆக்கி, பிறகு ஃப்ளாக் ஆக்கியிருக்கிறார்கள். இவற்றுக்கு எந்த ஃபில்டரும் உதவாது. மூல கேசட் கையில் இருந்தவற்றை மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் டெக்கின் ஹெட் அருகே உள்ள சிறு ஸ்க்ரூவைத் திருப்பி, மோனோவில் கேட்டு, உச்ச ஒலி மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்தி, பிறகே பதிவு. அந்த ஸ்க்ரூ கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியதில் நாதஸ்வரத்தின் சீவாளி முனை கேட்க ஆரம்பித்தது. மொத்த வேலையிலும் காதுக்கு மிகப் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான்.

விளைவு

சாரல் காலம் முழுவதும் அமைப்பு அறுபடாமல் ஓடியது. ஸ்டோர் ரூமில் கதவு திறந்திருக்க, சிபியு 75 டிகிரியைத் தாண்டவில்லை. உறுமல் ஸ்பீக்கரில் காது வைத்தாலும் இல்லை. பிளக் மீட்டரில் கணினி பாட்டு ஓடும்போது 140 வாட். நாளுக்கு 4 மணி நேரம் கேட்டால் இரு மாத பில்லில் சுமார் 34 யூனிட்.

டிஎஸ்டி256க்கும், டேக்குக்கு நேராக அனுப்பும் பிசிஎம்முக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் பார்க்க மருமகன் விரும்பினார். முதல் ஒப்பீட்டில் பிசிஎம்தான் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். காரணம் சத்தம், அந்த டேக்கில் டிஎஸ்டி ஏறத்தாழ 6 டெசிபல் தாழ்வாக வந்தது. 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் இரண்டையும் சமப்படுத்தினார்கள். சாதாரண மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது, ஆகவே தாழ்ந்த ஒலி. சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிக் கேட்டபோது, தம்புரா தொடர்ந்து ஒலிக்கும் சிடிக்களில் ஆசிரியர் டிஎஸ்டி256ஐப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். டிஎஸ்டி128க்கும் 256க்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுபடி செய்தால் மாறுபவை

டேக்கை பையில் செருகி ஸ்ட்ரீம் கோப்பைப் பார்ப்பது கணினி வாங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். டிஓபியில் 256தான் உச்சம் என்று அப்போதே தெரிந்திருந்தால், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே கணினி அமைத்திருக்கலாம். காஸ்-லாங் ஃபில்டர் அந்த சிபியுவிலேயே ஓடுகிறது என்று பிறகு கார்டை அணைத்துச் சோதித்ததில் உறுதியானது. கார்டை மருமகன் புனலூருக்குத் திரும்ப எடுத்துச் சென்றார்.

தொடக்கம் டிஎஸ்டி128இலிருந்து இருக்க வேண்டும். ஒரு வாரம் அறுபடாமல் ஓடிய பிறகே அடுத்த படி. ஏசி இல்லாத வீட்டில் சித்திரை வெயிலில் தாங்குகிறதா என்று பார்க்காமல் எந்த அளவையும் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வீட்டில் அந்தச் சோதனை இன்னும் பாக்கி. 256இல் அறுபட்டால் 128க்கு இறக்குவது என்று முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கிறது. எர்த் குழிக்கு மாசியிலிருந்து ஆனி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் என்பதைக் காலண்டரில் குறித்திருக்கிறார்கள். எம்பி3யிலிருந்து வந்த பழைய கோப்புகள் தனிக் கோப்புறைக்கு நகர்த்தப்பட்டன. அவற்றின் மூல கேசட்டுகள் புனலூர், தென்மலை உறவினர் வீடுகளில் கிடைக்குமா என்று ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கிறார்.